தோட்டத்து மண்ணணையும் அதன் காவலும்

குடகிலும் சிக்கமகளூரிலும் ஹாசனிலும் குடியேறி வாழும் தமிழன்பர்களுக்கு மண்ணணை புதிய காட்சியன்று. காப்பித் தோட்டத்தின் இரு மேடுகள் நெருங்கி வரும் பள்ளத்தின் குறுக்கே ஒரு கரை. கரையின்மேல் ஜீப் வண்டி ஒன்று செல்லும் அகலத்துக்கு ஒரு வழி. அதன் பின்னே சில்வர் ஓக் மரங்களின் நிழல் விழுந்து கிடக்கும் நீர். கரைக்குக் கீழே, பள்ளம் சற்றே விரியும் இடத்தில் நெல்வயல். வயலை ஒட்டி வேலையாட்களின் லைன் வீடுகள். பார்ப்பதற்கு இனிய இடம்தான். ஆயினும், மேலே நிற்கும் நீருக்கும் கீழே உறங்கும் வீட்டுக்கும் இடையே இருப்பது ஐந்தாறு மீட்டர் உயரமுள்ள மண் ஒன்றே என்பதை நினைத்துப் பார்ப்போர் சிலரே.

அரசு கட்டிய பேரணைகளைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். தனியொருவர் தம் நிலத்தில் கட்டிக்கொண்ட சிற்றணையைப் பற்றிப் பேசுவோர் அரியர். இன்று நாம் அதனைப் பற்றியே பேசுவோம். தோட்டம் வாங்கி உரிமையாளராய் இருப்போர்க்கும், ரைட்டராகவோ மேஸ்திரியாகவோ பணியாற்றுவோர்க்கும், கரைக்குக் கீழே குடியிருப்போர்க்கும் இப்பேச்சு பயன்படும் என்று நம்புகிறோம். இம்மூவரிலும் கடைசியாகச் சொன்னவர்க்கே இதில் மிகுந்த பங்குண்டு.

மழை மிகுந்த மலைநாட்டில் அணை எதற்கு என்று சிலர் வினவலாம். ஆனி முதல் புரட்டாசி வரை வேண்டிய மட்டும் மழை பெய்கிறது. தை பிறந்தால் ஓடைகள் வற்றுகின்றன. காப்பிச் செடியோ மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை பெற்றால்தான் ஒருசேரப் பூக்கும். அந்த மழை பத்து நாள் பிந்தினால் அவ்வாண்டின் விளைச்சலே குறைந்துவிடும். ரொபஸ்டா வகைக்கு இது மிகவும் பொருந்தும். ஆதலால் தோட்டக்காரர்கள் மழைக்காலத்து நீரைப் பள்ளத்தில் தேக்கி வைத்து, பூக்கும் பருவத்தில் எஞ்சின் வைத்து இறைத்துச் செடிகளின்மேல் மழைபோல் தெளிக்கின்றனர். தோட்டத்து அணை பிறந்த கதை இதுவே.

அணையின் உறுப்புகளுக்குத் தென்னாட்டு மொழிகளில் வழங்கும் பெயர்கள் உறவுடையவை. நாம் 'ஏரி' என்றால் நீர்நிலையைக் குறிக்கிறோம். கன்னடத்தார் நீர்நிலையைக் 'கெரெ' என்றும், அதன் கரையை 'ஏரி' என்றும் கூறுவர். நம் 'தூம்பு' அவர்களுக்குத் 'தூபு', தெலுங்கர்களுக்குத் 'தூமு'. நாம் 'கலிங்கு' என்றும் தென்பாண்டி நாட்டில் 'மறுகால்' என்றும் சொல்லும் மிகைநீர் வழியைக் கன்னடத்தார் 'கோடி' என்பர். தெலுங்கர் 'அலுகு' என்பர். 'கெரெ கோடி விழுந்தது' என்று தோட்டத்து ஆள் ஒருவர் சொன்னால், நீர்நிலை நிறைந்து வழிகிறது என்பது பொருள். இச்சொற்களை அறிந்து வைத்திருப்பது நன்று. மழை இரவில் யாரேனும் ஓடிவந்து சொல்லும்போது பொருள் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இராது.

இனி, கரையின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். செங்கல் சுவரைப் போல மண்கரை நீரை முற்றிலும் தடுத்துவிடுவதில்லை. நன்றாகக் கட்டிய மண்ணணையின் ஊடேயும் நீர் ஊர்ந்துகொண்டே இருக்கும். உட்புறத்தில் நீர்மட்டத்தில் தொடங்கி, கரையின் உடலுக்குள் மெல்லத் தாழ்ந்து, வெளிப்புறத்தின் அடியை நோக்கி அது வருகிறது. கரை கட்டுபவரின் திறமை இந்த ஊற்றை நிறுத்துவதில் இல்லை. அது மெதுவாக வருமாறும், வரும்போது மண்ணைத் தன்னோடு கொண்டுவராதவாறும் செய்வதில்தான் இருக்கிறது.

அதற்காகவே கரையின் நடுவே நல்ல களிமண்ணை வைத்து, அடித்தளத்துக்குள்ளும் ஆழமாக இறக்குகின்றனர். மண்ணை ஒரு சாணுக்கு மிகாத கனத்தில் அடுக்கடுக்காகப் பரப்பி, அளவாக நனைத்து, உருளை கொண்டு இறுக்குகின்றனர். வெளிப்புறச் சரிவை ஒன்றுக்கு இரண்டு என்ற அளவிலும், நீர்ப்புறச் சரிவை அதனினும் படுக்கையாக இரண்டரை அல்லது மூன்று என்ற அளவிலும் அமைப்பது வழக்கம். வெளிப்புறத்து அடியில் மணலும் சரளையும் கல்லும் முறையே இட்ட ஒரு வடிகட்டி இருக்கும். ஊறிவரும் நீர் அதன் வழியே வெளியேறும். மண் உள்ளேயே தங்கிவிடும். நீர்ப்புறத்தில் அலை அரிக்காதிருக்கக் கல் பதிப்பர். வெளிப்புறத்தில் மழை அரிக்காதிருக்கப் புல் வளர்ப்பர். இவற்றுள் வடிகட்டியைத்தான் தோட்டத்து அணைகளில் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். புல்டோசர் வாடகைக்கு எடுத்து நான்கு நாளில் மண்ணைத் தள்ளி எழுப்பிய கரைகளில், நடுக்களிமண்ணும் இராது, முறையான இறுக்கமும் இராது. அத்தகைய கரைக்குக் காவல் இருமடங்கு வேண்டும்.

மண்ணணை அழிவது பெரும்பாலும் இரண்டு வழிகளில். ஒன்று, நீர் கரைக்கு மேலாக வழிவது. மற்றொன்று, கரைக்குள்ளாகத் துளையிட்டு வருவது. கற்கட்டடத்தின்மேல் நீர் வழிந்தால் அது பெரும்பாலும் தாங்கி நிற்கும். மண்கரையோ வெளிப்புறத்தில் அரிக்கப்பட்டுச் சில மணி நேரத்தில் பிளந்துவிடும். ஆகவே கரையின் உயிர் கலிங்கில் இருக்கிறது எனலாம்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 கன மீட்டர் நீர் சேரும். அணைக்கு மேலே 40 ஹெக்டேர் சரிவு இருப்பதாகக் கொள்வோம். நிலம் ஏற்கெனவே நனைந்து ஊறிய ஆடி மாதத்தில், ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டர் மழை கொட்டி, அது முழுதும் ஓடி வந்தால், விநாடிக்கு மூன்று கன மீட்டருக்குச் சற்று மேலான நீர் அணைக்குள் பாயும். அணை முன்பே நிறைந்திருந்தால் அவ்வளவும் கலிங்கின் வழியேதான் வெளியேற வேண்டும். கலிங்கின் அகலம் 6 மீட்டர் எனில், நீர் அதன்மேல் அரை மீட்டருக்கும் சற்றுக் குறைந்த உயரத்தில் வழியும். கலிங்கு மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் இடையே 1 மீட்டர் இடைவெளி விட்டிருந்தால் கவலை இல்லை. இனி, அந்தக் கலிங்கின் பாதியைக் குப்பை அடைத்துக்கொண்டதாகக் கொள்வோம். நீர் முக்கால் மீட்டர் உயரம் எழும். நான்கில் மூன்று பங்கு அடைபட்டால் எழும்பும் உயரம் ஏறத்தாழ 1.2 மீட்டர். கரையின் உச்சியோ 1 மீட்டரில் முடிந்துவிட்டது. மழையும் அதே மழை, அணையும் அதே அணை. இடையில் சேர்ந்தது குப்பை ஒன்றே.

குப்பை அடைத்துக்கொள்ளுமா என்று ஐயுற வேண்டா. சில ஆண்டுகளுக்கு முன் குடகில் ஒரு தோட்டத்தைப் பார்க்கச் சென்றிருந்தோம். தோட்டத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே கலிங்கின் வாயில் முழுதும் நைலான் வலை கட்டியிருந்தார்கள். சில்வர் ஓக் இலைகளும், காப்பிக் கவாத்துக் கழிகளும், ஒரு பழைய உரச்சாக்கும் வந்து அதில் படிந்து, வலையின் கீழ்ப்பாதி பாய் விரித்தாற்போல் மூடிக்கிடந்தது. எங்களுடன் வந்த மேஸ்திரி சேலம் மாவட்டத்துக்காரர். முப்பது ஆண்டுகளாக அத்தோட்டத்தில் இருப்பவர். வலை எதற்கு என்று கேட்டோம்.

"கட்லா மீன் விட்டிருக்காங்க. தண்ணி வழியறப்போ மீனெல்லாம் போயிடுமுங்க, அதுக்குத்தான்" என்றார்.

"மழை மிகுந்தால் அவிழ்த்துவிடுவீர்களா?" என்றோம்.

"சாவுகார் சொல்லாம நாங்க கை வைக்கக் கூடாதுங்க" என்றார். சாவுகார் மங்களூரில் இருந்தார். மேஸ்திரியின் வீடு கரைக்குக் கீழே இருந்தது.

மீனுக்காகக் கலிங்கை மறிப்பது புதிய பிழையன்று. அதற்கு உலகறிந்த சான்று ஒன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உண்டு. அங்கே சவுத் ஃபோர்க் என்னும் இடத்தில், படகுக் கால்வாய்க்கு நீர் தருவதற்காக அம்மாநில அரசு 1853ஆம் ஆண்டில் ஒரு மண்ணணையைக் கட்டி முடித்தது. உயரம் ஏறத்தாழ 22 மீட்டர். நம் தோட்டத்து அணைகளைவிடப் பெரியதுதான். ஆனால் அதனை வீழ்த்திய குறைகள் எல்லாம் சிற்றணைகளில் நாம் அன்றாடம் காண்பவை. இருப்புப்பாதை வந்ததும் கால்வாய் பயனற்றுப் போயிற்று. அணை ஒரு தனியார் கையிலிருந்து மற்றொரு தனியார் கைக்கு மாறியது. இடையில் வாங்கிய ஒருவர், கரையின் அடியில் இருந்த வார்ப்பிரும்புக் குழாய்களைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். அன்றிலிருந்து அணையின் நீரை இறக்குவதற்கு வழியே இல்லாமற் போயிற்று. பின்னர் 1879இல் அது செல்வர்கள் சேர்ந்த ஒரு மீன்பிடி, வேட்டை மன்றத்தின் உடைமையாயிற்று. எஃகு வணிகர் கார்னெகியும் அம்மன்றத்து உறுப்பினர். அவர்கள் குதிரை வண்டி செல்ல வேண்டுமென்று கரையின் உச்சியைச் சற்றுத் தாழ்த்தி அகலமாக்கினர். பழைய உடைப்பை வைக்கோலும் சாணமும் புதரும் கலந்த மண்ணால் அடைத்தனர். அவ்விடம் நாளடைவில் அமிழ்ந்து, கரையின் நடுப்பகுதியே தாழ்ந்த பகுதியாயிற்று. மீன்கள் தப்பாதிருக்கக் கலிங்கில் கம்பித் தடுப்பு வைத்தனர்.

1889ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் பெருமழை பெய்தது. கம்பித் தடுப்பில் மரக்கிளைகள் வந்து அடைத்தன. ஆட்கள் கரையின் உச்சியில் மண்ணைக் குவித்துப் பார்த்தனர். பக்கத்தில் புதிய வாய்க்கால் வெட்டிப் பார்த்தனர். தடுப்பை நீக்கவும் முயன்றனர். காலம் கடந்துவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்குச் சற்றுப் பின்னர்க் கரை உடைந்தது. ஏறத்தாழ 22 கிலோமீட்டர் கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரை வெள்ளம் ஒரு மணி நேரத்தில் அடைந்தது. இறந்தோர் 2,209 பேர். அணைக்கு ஆபத்து என்று தந்தி வழியே எச்சரிக்கை போகாமல் இல்லை. ஆனால் அதுபோன்ற வதந்தி ஆண்டுதோறும் வந்து பொய்த்துப் போயிருந்ததால், அன்று அதனைப் பொருட்படுத்தியவர் குறைவு. மன்றத்திடமிருந்து நீதிமன்றத்தின் வாயிலாக எவரும் இழப்பீடு பெற முடியவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வழியாகிய துளையரிப்பு இதனினும் கொடியது. ஏனெனில் அது மழையில்லாத நாளிலும் வரும். கரையின் வெளிப்புறத்தில் எங்கோ ஒரு புள்ளியில் ஊறும் நீர் மண்துகளைக் கொண்டு வெளியேறத் தொடங்குகிறது. ஒரு துகள் போன இடத்தில் அடுத்த துகளுக்கு இடம் உண்டாகிறது. இவ்வாறு துளை வெளியிலிருந்து உள்நோக்கி வளர்ந்துகொண்டே போய், ஒரு நாள் நீர்ப்புறத்தை எட்டிவிடுகிறது. அதன்பின் நேரம் மணிக்கணக்கில்தான்.

இத்துளைக்கு வழிகாட்டுவோர் பலர். பெருச்சாளியும் வயல் எலியும் நண்டும் வளை தோண்டும்; கறையான் புற்றெடுக்கும்; மரத்தின் வேர் உள்ளே ஓடும். மகாராட்டிர மாநிலம் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்னும் ஊரின் மண்ணணை 2019 ஜூலை 2ஆம் நாள் இரவு உடைந்து பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அது அரசு அணை. நண்டுகளே காரணம் என்று அம்மாநில அமைச்சர் ஒருவர் கூற, நாடே நகைத்தது. நண்டு கரையைத் துளைக்கும் என்பது உண்மைதான். அதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நண்டுக்கு வேறு தொழில் இல்லை. வளையைக் கண்டு அடைப்பது மனிதரின் தொழில். கசிவு இருப்பதாக ஊரார் முன்பே முறையிட்டிருந்தனர் என்று செய்தித்தாள்கள் எழுதின.

மரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஓர் அங்குல நிலத்தையும் வீணாக்க விரும்பாத தோட்டக்காரர்கள், கரையின் சரிவிலும் சில்வர் ஓக் நட்டு மிளகுக் கொடி ஏற்றுகின்றனர். நான்கு மூட்டை மிளகு கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் பெருங்காற்றில் அம்மரம் சாய்ந்தால் வேரோடு கரையின் ஒரு துண்டையும் பெயர்த்துக்கொண்டு சாயும். சாயாமல் பட்டுப்போனாலோ, வேர் மக்கி, மண்ணுக்குள் அதன் வடிவிலேயே ஒரு குழாய் மிஞ்சும். இளஞ்செடியாய் இருக்கும்போதே வேரோடு களைந்துவிடுவது எளிது. முற்றிய மரத்தைப் பொறியியல் அறிந்தவரைக் கேளாமல் வெட்டிவிடுவதும் தவறு. வெட்டிய மரத்தின் வேரும் மக்கத்தான் செய்யும். உண்ணிச்செடிப் புதர்களை ஆண்டுக்கு இருமுறையேனும் அறுத்தெறிய வேண்டும். புதர் தானே தீங்கு செய்வதைவிட, வளையையும் விரிசலையும் கசிவையும் நம் கண்ணிலிருந்து மறைப்பதே அதனால் வரும் பெருந்தீங்கு.

தூம்புக் குழாய் மற்றொரு பலவீனமான இடம். வட்டமான குழாயின் அடிப்புறத்தில் மண்ணை நன்றாக இறுக்க இயலாது. ஆகவே நீர் குழாய்க்குள் செல்வதோடு, குழாயின் புறத்தை ஒட்டியும் வழி தேடும். திறப்பு வால்வை வெளிப்புறத்தில் மட்டும் வைத்திருந்தால், கரைக்குள் இருக்கும் குழாய் முழுதும் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும். இரும்பு துருப்பிடித்து ஒரு பொத்தல் விழுந்தால் நீர் கரையின் வயிற்றுக்குள்ளேயே பீறிடும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டொக்கோவாவில், ஒரு கல்வி நிலையத்துக்கு உரிமையாய் இருந்த கெல்லி பார்ன்ஸ் என்னும் மண்ணணை, ஏறத்தாழ 12 மீட்டர் உயரமே உடையது, 1977 நவம்பர் 6ஆம் நாள் நள்ளிரவுக்குப்பின் உடைந்தது. கீழே குடியிருந்தோரில் 39 பேர் இறந்தனர். அக்கரையின் வெளிச்சரிவில் மண் சரிந்திருந்தது சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஒளிப்படத்திலேயே தெரிந்தது என்பது பின்னர்க் கண்டறியப்பட்டது. படம் எடுத்தவர் இருந்தார். பார்த்து அறிந்தவர் இல்லை.

அப்படியாயின் எதனைப் பார்ப்பது? கசிவில் இருவகை உண்டு. தெளிந்த நீர் ஒரே அளவாக வந்துகொண்டிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அதனை ஒரு சிறு வாய்க்காலில் சேர்த்து, ஒரு வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று வாரந்தோறும் எண்ணி, அணையின் நீர்மட்டத்தோடு சேர்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வர வேண்டும். நீர்மட்டம் அதே அளவில் இருக்க, வாளி விரைவில் நிறையத் தொடங்கினால் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. கலங்கிய நீர் வந்தாலோ, அன்றே ஆள் தேட வேண்டும். கண்ணுக்குக் கலக்கம் தெரியாவிடில், வெள்ளைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஓரிரவு அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் மண் படிந்திருந்தால் அது கரையின் மண்.

பருவத்துக்கு ஏற்ப வேலையும் மாறும். சித்திரை, வைகாசியில் அணை ஏறக்குறைய வற்றியிருக்கும். உட்புறச் சரிவை முழுதும் காணக்கூடிய ஒரே காலம் அது. பெயர்ந்த கற்களைப் பதிக்கவும், வளைகளைக் கடைசி வரை தோண்டிக் களிமண் இட்டு இறுக்கவும், வெயிலில் வெடித்த களிமண்ணை மூடவும், தூம்பின் வாயைத் துப்புரவு செய்யவும் அப்போதே முடியும். வளையின் வாயை மட்டும் அடைத்துவிட்டு வேலை முடிந்ததென்று போவோர் உண்டு. எலி மறுநாளே பக்கத்தில் வேறு வாய் திறக்கும். கரையின் உச்சி எங்கேனும் அமிழ்ந்திருக்கிறதா என்று நீர்மட்டக் குழாய் வைத்துப் பார்க்க வேண்டும். ஜீப் செல்லும் தடத்தில் அமிழ்வது இயல்பு. வெள்ளம் வழிய அந்தத் தாழ்ந்த இடத்தையே தேடும்.

மழை தொடங்கியபின் நாள்தோறும் ஒருவர் கரையை நடந்து பார்க்க வேண்டும். உச்சியில் மட்டும் நடந்தால் பயனில்லை; வெளிப்புறத்தின் அடியில் இறங்கி, இந்த மேட்டிலிருந்து அந்த மேடு வரை நடக்க வேண்டும். பழைய நாளில் கன்னட நாட்டு ஊர்களில் ஏரிக் காவலுக்கென்றே 'நீருகண்டி' என்பவர் இருந்தார். நம் ஊர் நீர்க்கட்டியைப் போன்றவர். அவருக்குப் பங்காக நெல் அளந்தார்கள். தோட்டத்து அணைக்கு அத்தகைய ஆள் இல்லை. பம்பு ஓட்டுபவரையோ மேஸ்திரியையோ அப்பணிக்கு நியமித்து, அதற்கென்று கூலியும் கொடுத்து, வலையை அவிழ்க்கவும் தூம்பைத் திறக்கவும் அவருக்கே அதிகாரமும் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் கருத்து. 2018 ஆகஸ்டில் குடகு மலைகள் சரிந்தபோது சாலைகள் துண்டுபட்டன. அப்படிப்பட்ட இரவில் மங்களூரிலிருந்து உத்தரவு வரும் வரை காத்திருக்க முடியாது.

மாசியில் நீரிறைக்கும்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பல எஞ்சின்களை வைத்து ஓரிரு நாளில் அணையை வற்ற அடித்தால், நீர்ப்புறச் சரிவு வழுக்கி விழக்கூடும். சரிவின் மண் நீரைக் குடித்துக் கனத்திருக்கிறது. அதுவரை எதிர்ப்புறத்தில் அதனைத் தாங்கிய நீர் திடீரென்று போய்விட்டது. மெல்ல இறக்கினால் மண்ணுக்குள் இருக்கும் நீரும் கூடவே வடிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகக் காண்போம். 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் தனியார் அணைகளையும் தழுவியதே. ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றுள் நீளம், கொள்ளளவு முதலியவற்றால் பெரியனவாக உள்ளவற்றுக்குமே உரியது. ஐந்து மீட்டர்க் கரை அதன் கண்ணில் படாது; ஆய்வு செய்ய அதிகாரி எவரும் வர மாட்டார்.

அதனால் உரிமையாளர்க்குப் பொறுப்பில்லை என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் லங்காஷயரில் ஓர் ஆலைக்காரர் தம் தேவைக்குக் கட்டிய சிறு நீர்த்தேக்கம் 1860இல் உடைந்து, பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தை நிரப்பியது. வெளியேறினால் தீங்கு செய்யும் பொருளைத் தன் நிலத்தில் இயல்புக்கு மாறாகச் சேர்த்து வைப்பவன் அத்தீங்குக்குப் பொறுப்பாளியாவான் என்று பிரபுக்கள் சபை 1868இல் தீர்ப்பளித்தது. சில ஆண்டுகளில் அதே கேள்வி நம் நாட்டிலும் எழுந்தது. இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ள கார்வேட்டிநகரத்து ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து சென்னை இருப்புப்பாதைக் கம்பெனிக்குச் சேதம் விளைந்தது. 1874இல் பிரிவி கவுன்சில், அவ்வேரிகள் தொன்றுதொட்டு மக்களின் வாழ்வுக்காகக் காக்கப்பட்டு வருவன. அவற்றைக் காப்பது ஜமீன்தாரின் கடமை. ஆகவே கவனக்குறைவு காட்டப்பட்டாலன்றி அவர் பொறுப்பாளி ஆகார் என்று கூறிக் கம்பெனியின் வழக்கைத் தள்ளிற்று. தோட்டத்து உரிமையாளர் இத்தீர்ப்பைத் தமக்குக் கேடயமாகக் கொள்ள இயலுமா என்பது ஐயமே. தம் காப்பிக்காகத் தாமே கட்டிய அணை, ஊருக்காக வழிவழி வந்த ஏரியாகாது. எப்படியாயினும் இறுதியில் வழக்கு வந்து நிற்கும் இடம், பராமரிப்பில் குறை இருந்ததா என்பதே. மேலே சொன்ன நோட்டுப் புத்தகம் அப்போதும் உதவும்.

கசிவைக் குற்றமென்று எண்ணுவது நம் நாட்டில் பழைய வழக்கம். கடப்பை மாவட்டத்துப் போருமாமில்லாவில், விஜயநகர இளவரசர் பாஸ்கரர் கட்டிய பேரேரியின் கல்வெட்டு ஒன்று உண்டு, ஆண்டு 1369. நல்ல ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு உறுப்புகளையும், ஏரிக்கு வரக்கூடிய ஆறு குற்றங்களையும் அது வரிசையாகச் சொல்கிறது. கரையிலிருந்து நீர் கசிதல் அக்குற்றங்களுள் ஒன்று.

கரைக்குக் கீழே குடியிருக்கும் அன்பர்களுக்குச் சில சொற்கள். கென்யா நாட்டில் சோலாய் என்னும் இடத்தில் ஒரு பெருந்தோட்டத்தின் மண்ணணை 2018 மே 9ஆம் நாள் இரவு உடைந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலர் தோட்டத்தை அண்டி வாழ்ந்த எளியவர்கள். அணையின் மேல் உரிமையில்லாதவர்க்கும் அதனைப் பார்க்கும் உரிமை உண்டு. வயல் ஓரத்தில் புதிதாய் ஊற்று ஒன்று கொப்பளித்து, அதனைச் சுற்றி எறும்புப் புற்றைப் போல மணல் வட்டம் எழுந்தால், அது கரைக்கு அடியிலிருந்து வரும் மண். உடனே தோட்டத்தாரிடம் சொல்லுங்கள். அவர்கள் கேளாவிடில் கிராமப் பஞ்சாயத்திடமும், ஆபத்து நெருங்கியதாயின் 112 என்ற எண்ணிலும் சொல்லுங்கள். ஊற்றைக் களிமண்ணோ சாக்கோ வைத்து அடைக்க முயல வேண்டா. ஓரிடத்தில் அடைத்தால் நீர் மற்றோரிடத்தில் வெடித்து வரும். அதன்மேல் முதலில் பருமணலும், பிறகு சரளையும், அதன்மேல் கல்லும் இட்டால், நீர் வெளியேறும், மண் நிற்கும். நீர்ப்புறத்தில் சுழி தெரிந்தால் அவ்விடத்தில் தார்ப்பாயும் வைக்கோற்கட்டும் களிமண்ணும் இறக்கலாம். தூம்பைத் திறந்து நீரை இறக்க வேண்டும். கரையின்மேல் நீர் வழியத் தொடங்கிவிட்டதாயின் இவை எதற்கும் நேரமில்லை. கரைமேல் எவரும் நிற்கவும் கூடாது. ஓடை செல்லும் திசையில் ஓடாமல், பக்கத்து மேட்டில் ஏறிவிட வேண்டும். எந்த மேடு, இருட்டில் எந்த வழி, முதியவரை யார் தூக்குவது என்பனவற்றை வைகாசியிலேயே வீட்டில் பேசி வைத்துக்கொள்வது நன்று.

நாம் முன்னே சொன்ன தோட்டத்தில், அந்த வலையைப் பற்றி உரிமையாளர்க்கு ஒரு கடிதம் எழுதினோம். கலிங்கின் வாயிலில் கட்டுவதை விட்டு, நீருக்குள் பதினைந்து மீட்டர் தள்ளி, கலிங்கைச் சுற்றி வில்போல் நீளமாகக் கட்டினால் அடைப்பு குறையும் என்றும், மேலே ஒரு கயிற்றை இழுத்தால் முழுதும் படுத்துவிடுமாறு முடிச்சிட வேண்டும் என்றும், கயிறு மேஸ்திரியின் கையில் இருக்க வேண்டும் என்றும் குறித்திருந்தோம். அடுத்த ஆண்டு ஆடியில் அவ்வழியே சென்றபோது பார்த்தோம். வலை வில்போல்தான் கட்டியிருந்தது. கயிற்றின் முனை, கரையோரத்துப் பலாமரத்தில், ஆள் எட்டும் உயரத்தில் சுற்றி வைத்திருந்தது.